ஒரு சிறுநீரகத்தைத் தேடித் திருத்தணிக்கு

தணிகாசலத்தின் முகம் எனக்கு நினைவில்லை. அவருடைய இடது சிறுநீரகம் நன்றாக நினைவிருந்தது. அதை எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடுவேன். இந்த ஒரு தகுதியோடுதான் ஆடிப் பரணியன்று காலை நான் திருத்தணிக்கு ரயில் ஏறினேன்.

எண்பதுகளின் தொடக்கம். மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். பட்டம் வாங்க வேண்டுமானால் ஏதாவது ஓர் ஆராய்ச்சி செய்தாக வேண்டும். சிறுநீரகத்திலிருந்து கீழே வருகிற குழாயில் கல் சிக்கினால் எப்பேர்ப்பட்ட ஆளும் தரையில் புரண்டு அழுவான். அதற்கு அதுவரை பெத்தடின் ஊசிதான். மூட்டு வீக்கத்துக்குக் கொடுக்கிற வலிமருந்தை இதற்கும் கொடுத்துப் பார்க்கலாமே என்று அப்போது வெளிநாட்டுப் பத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருந்தார்கள். குழாய் அடைபட்டதும் சிறுநீரகம் பதறிப்போய் ஏதோ ஒன்றைச் சுரக்கிறது. அதனால் இன்னும் நீர் ஊறி, உள்ளே அழுத்தம் ஏறி, வலி உயிரை எடுக்கிறது. இந்த மருந்து அந்தச் சுரப்பையே நிறுத்திவிடும். அழுத்தம் இறங்கும், வலியும் இறங்கும்.

ஊசியாகப் போட்டேன், வீட்டுக்குப் போகும்போது மாத்திரையாகவும் கொடுத்தனுப்பினேன். பிரமாதமாக வேலை செய்தது. ஊசி போட்ட மறுநாள் காலை நோட்டும் பேனாவுமாகக் கட்டில் கட்டிலாகப் போவேன். "இப்ப தேவலையா?" என்று கேட்பேன். "தேவலைங்க" என்பார்கள். எழுதிக்கொள்வேன். என் நோட்டு முழுக்கத் 'தேவலை'தான். தேவலைகளை அடுக்கி அதன்மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தால் எனக்கு லண்டன் தெரிந்தது.

அந்த நோட்டை ஒருநாள் எங்கள் சீஃப் புரட்டினார். ஒரு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்த ஆளோட வலது கிட்னி எங்கடா?"

பார்த்தேன். வலது பக்கம் சுண்டைக்காய் அளவுக்கு ஏதோ ஒன்று இருந்தது. பிறவியிலேயே அப்படி இருந்திருக்க வேண்டும். இடது பக்கத்துக் கல்லை ரசிப்பதில் மும்முரமாக இருந்த நான் வலது பக்கம் திரும்பவே இல்லை.

"உருப்படியா இருக்கிறது ஒரே கிட்னி. அதுலயும் கல்லு. நீ குடுத்த மருந்து வலியை மட்டுமாடா குறைக்கும்? கிட்னிக்குப் போற ரத்தத்தையும் குறைக்கும். சரி, ரெண்டு வாரத்துல திரும்பி வரச் சொன்னியே, வந்தானா?"

"வரலை சார். வலி போயிட்டதால..."

"வலி போனா கல்லும் போயிடுச்சுன்னு உனக்கு யாருடா சொன்னா? கல்லு அங்கயே உட்கார்ந்திருந்தா அந்தக் கிட்னி சத்தம் போடாம செத்துடும். போ. அவனைக் கூட்டிட்டு வா. அதுவரைக்கும் உன் மூஞ்சியைக் காட்டாத."

நோட்டில் இருந்த முகவரி: தணிகாசலம், நெசவு, திருத்தணி. அவ்வளவுதான்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் திருத்தணி ரயிலில் ஏறுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் ஏறவில்லை, ஏற்றப்பட்டேன். எக்ஸ்ரே உறை நசுங்கிவிடக் கூடாதென்று இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றேன். என்னைச் சுற்றிப் பூக்காவடிகள். ஓர் அம்மாள் வெகுநேரம் என்னை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது இன்னா காவடி சாமி?" என்றார். பதில் சொல்வதற்குள் உறையின் மேல் விபூதி பூசிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

திருத்தணியில் இறங்கினபோது காலில் ஒரு செருப்பு இல்லை. ஒற்றைச் செருப்போடு நடந்தால் பைத்தியம் என்பார்கள் என்று மற்றதையும் ஸ்டேஷனிலேயே விட்டேன். வெறுங்காலோடு நெற்றியில் வேர்வையும் தலைக்கு மேல் உறையுமாக வெளியே வந்த என்னைப் பார்த்து இரண்டு பேர் அரோகரா போட்டார்கள்.

காணாமல் போனவர்களுக்காக மைக் வைத்திருந்த பந்தலுக்குப் போனேன். மைக்காரர் நல்ல மனிதர். தூக்குச் சட்டியைத் திறந்து இட்லியை எடுத்து வைத்துக்கொண்டே, "சாப்ட்டீங்களா?" என்றார்.

"ஆச்சுங்க" என்றேன்.

ஆகவில்லை. முந்தின நாள் ராத்திரி சீஃபின் திட்டு தவிர நான் எதையும் விழுங்கவில்லை. ஆனால் எங்கள் ஊர்ப் பழக்கம் அப்படி. முதல் தடவை கேட்டால் ஆச்சு என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை, வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை கையைப் பிடித்து இழுப்பார்கள், அப்போது உட்கார வேண்டும். நான் இரண்டாவது தடவைக்குத் தயாராக நின்றேன். மைக்காரர் "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு ஆறு இட்லியையும் தனியாகச் சாப்பிட்டு முடித்தார்.

கை கழுவி வந்து மைக்கில் சொன்னார்: "நெசவு வேலை செய்யிற தணிகாசலம் எங்க இருந்தாலும் ஒடனே பந்தலாண்ட வரவும். மெட்ராஸ்லேர்ந்து டாக்டர் வந்துகீறார்."

திருத்தணியில் நின்றுகொண்டு தணிகாசலம் என்று கூப்பிட்டால் என்ன ஆகும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். அந்த மலைக்கே தணிகை என்றுதான் பெயர். அதைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டுக்கு ஒருவருக்காவது அந்தப் பெயர். கால் மணி நேரத்தில் பந்தல் நிறையத் தணிகாசலம். அத்தனை பேரும் அப்போதுதான் முடி இறக்கி, மொட்டைத் தலையில் சந்தனம் பூசியிருந்தார்கள். எனக்கு முகம் நினைவில்லாததை இவர்கள் யாரிடமும் காட்டிக்கொள்ளாமல், "இடது இடுப்பில் வலி வந்து மெட்ராஸில் ஊசி போட்டுக்கொண்டவர் யார்?" என்று கேட்டேன். மூன்று கை உயர்ந்தது. விசாரித்ததில் மூவருக்கும் இடுப்பு வலி இருந்தது. ஊசி இனிமேல்தான் போட்டுக்கொள்ள வேண்டுமாம். வேட்டியைத் தளர்த்தத் தொடங்கிவிட்டார்கள்.

கடைசியில் ஒரு தணிகாசலம்தான் காப்பாற்றினார். "எங்க ஊர்ல அதே பேர்ல ஒருத்தர் கீறார் சார். மெட்ராஸ்ல ஊசி போட்டுகினு வந்த கதையை எல்லாருக்கும் சொல்லிகினே இருப்பாரு. ஆர்.கே.பேட்டை."

"திருத்தணி என்று எழுதியிருக்கிறதே?"

"மெட்ராஸ்ல கேட்டா திருத்தணின்னுதான் சொல்லுவோம். பேட்டைன்னா உங்களுக்குத் தெரியவா போவுது?"

அவர் சம்சாரம் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தபடி, சாப்பிட்டேனா என்று கேட்டார். "ஆச்சும்மா" என்றேன். அவரும் நம்பிவிட்டார்.

ஆர்.கே.பேட்டை பஸ் பாதி வழியில் பஞ்சர் ஆனது. சாலையில் எதிர்த் திசையில் காவடிக் கூட்டம் மேளத்தோடு வந்துகொண்டே இருந்தது. நாங்கள் புளியமர நிழலில் உட்கார்ந்து டிரைவர் ஜாக்கியோடு தெலுங்கில் சண்டை போடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் ஊரில் பஸ் நின்றால் பக்கத்தில் ஒரு வாய்க்காலாவது ஓடும், இறங்கிக் காலை நனைக்கலாம். இங்கே நனைக்கத் தோதாக இருந்தது என் சட்டை மட்டும்தான்.

ஆர்.கே.பேட்டையில் தறிச் சத்தம் வராத தெரு இல்லை. ஆனால் அன்று பாதித் தறி நின்றிருந்தது, ஆட்கள் மலைக்குப் போய்விட்டார்கள். தணிகாசலத்தின் வீட்டில் அவர் மனைவி லோகம்மாளும், லோகம்மாளின் தம்பி முனிரத்தினமும் இருந்தார்கள். முனிரத்தினம் நாற்பது வயது இருக்கிற, பெரிய மீசை வைத்த ஆள்.

"பாவா இல்லீங்களே. காலைலதான் காவடி எட்துகினு நடந்தே பூட்டாரு" என்றார். அக்காள் புருஷனை அங்கே பாவா என்பார்கள். "ஊசி போட்டு நோவு போச்சுன்னா காவடி எடுக்கறேன்னு ஆஸ்பத்திரிலயே வேண்டிகினாராம்."

"தண்ணீர் குடித்துக்கொண்டுதானே போவார்?"

லோகம்மாள் சொன்னார்: "தண்ணியா? பச்சத் தண்ணி பல்லுல படாம போயிகீறாருங்க. நாளிக்கி மலையேறி காவடி எறக்கற வரைக்கும் ஒண்ணும் கெடையாதுன்னு வேண்டுதல்."

ஒரே ஒரு சிறுநீரகம், அதன் வாயில் கல், வெயிலில் இருபது கிலோமீட்டர் நடை, தண்ணீரும் இல்லை. இதையெல்லாம் ஒருவர் வேண்டுமென்றே திட்டம் போட்டுச் செய்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வராது. பயமாக இருந்தது. கூட்டம் வழியில் எந்த ஊரில் தங்கும் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. திரும்பிப் போக அன்றைக்கு பஸ்ஸும் இல்லை.

"அவருக்கு ஒண்ணும் ஆவாதில்லீங்க?" என்றார் லோகம்மாள்.

"ஒன்றும் ஆகாதும்மா" என்றேன். எனக்கும் தேவலை சொல்ல வரும் போலிருக்கிறது.

அன்று அவர்கள் கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைச் சட்னியும் காராமணிக் குழம்பும் வைத்திருந்தார்கள். வாசனை தெரு வரைக்கும் வந்தது. "சாப்ட்டீங்களா டாக்டரு?" "பஸ் ஸ்டாண்டில் ஆச்சும்மா." பஸ் ஸ்டாண்டில் நான் சாப்பிட்டது ஒரு வாழைப்பழம். என்னைத் திண்டாட விட்டுவிட்டு அக்காளும் தம்பியும் உருட்டி உருட்டிச் சாப்பிட்டார்கள். நடுவில் லோகம்மாள் என்னைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொன்னார், முனிரத்தினம் சிரித்தார். என்னவென்று கேட்டேன். மரியாதைக்காக ரொம்ப நேரம் மழுப்பிவிட்டுச் சொன்னார்: "ஒண்ணுமில்லீங்க. இந்தாளு மூஞ்சியப் பாத்தா ரெண்டு நாளு பட்டினி கெடந்தவன் மாதிரி கீது, வாயி மட்டும் ஆச்சு ஆச்சுங்குதுன்றா."

அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வறட்டுச் சிரிப்பு சிரித்தேன். சிரித்தபடியே போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் கிருத்திகை. விடிந்ததும் முனிரத்தினமும் நானும் கிளம்பினோம். பஸ்ஸைத் திருத்தணிக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். தார் ரோட்டில் வெறுங்காலோடு நான் நடந்த நடையைப் பார்த்து, "டாக்டருக்கும் வேண்டுதலா?" என்று கேட்டார் முனிரத்தினம். ஆமாம் என்றேன். அதில் பொய் இல்லை.

எங்கள் பக்கம் மலை என்றால் மேகம் உட்காரும். திருத்தணி மலையைப் பார்த்து, இதைப் போய் மலை என்கிறார்களே என்று முந்தின நாள் நினைத்திருந்தேன். நூறாவது படியில் அந்த எண்ணத்தை வாபஸ் வாங்கினேன். நூற்றைம்பதாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். எழுபது வயதுக் கிழவர் ஒருவர் காவடியோடு என்னைத் தாண்டிப் போகும்போது, "எழுந்துரு நைனா, தோ வந்துட்ச்சி" என்று எனக்குத் தைரியம் சொல்லிவிட்டுப் போனார்.

முனிரத்தினம் மேலே கீழே தேடினார். நான் வருகிறவர்களுடைய இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது இடது பக்கம் கை வைத்துக்கொண்டு வருகிறார்களா என்று. அப்போது மஞ்சள் வேட்டி கட்டிய மொட்டைத்தலைக்காரர் ஒருவர் என் எதிரே வந்து நின்றார். தோளில் மயில் காவடி. ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வெளிவரும்படி சின்ன வேல் குத்தியிருந்தார். ஒரு கையால் காவடியைப் பிடித்துக்கொண்டு மறு கையை நெற்றிக்குக் கொண்டுபோய் என்னைக் கும்பிட்டார். நான் அவரை விலக்கிவிட்டுப் பின்னால் வருகிற இடுப்பைப் பார்த்தேன்.

"பாவா!" என்று முனிரத்தினம் மேலேயிருந்து கத்தினார்.

ஆயிரக்கணக்கான பேர் நடுவில், செருப்பில்லாமல் அழுக்குச் சட்டையோடு உட்கார்ந்திருந்த என்னை அவர் கண்டுபிடித்துவிட்டார். ஐந்து நாள் அவர் கட்டில் பக்கத்தில் நின்ற எனக்கு அவர் முகம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

வெட்கத்தை மறைக்க உடனே டாக்டராகிவிட்டேன். "வலிக்குதா?" என்றேன்.

கூட வந்த ஒரு பெண் சீறினார். "இன்னா கேள்வி சாமி இது? முருகன் வேலு வலிக்குமா?"

"கன்னத்தைக் கேக்கலைம்மா, இடுப்பைக் கேக்கறேன்!"

வேல் குத்திய வாயால் அவர் என்ன சொல்வார்? இல்லை என்று தலையாட்டினார். ஆனால் உதடு வெடித்திருந்தது, கண் உள்ளே போயிருந்தது. வேலை எடுத்துவிட்டு உடனே தண்ணீர் குடிக்க வேண்டும் என்றேன். சுற்றியிருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் நான் இரண்டு படி கீழே இறங்கினேன். தணிகாசலம் மேலே கை காட்டினார். இன்னும் இருநூறு படி இருக்கலாம். அதற்கு முன்னால் எதுவும் நடக்காது என்பது அந்தக் கையிலேயே தெரிந்தது.

"சரி, காவடியையாவது மாத்துங்க" என்றேன். முனிரத்தினம் கொஞ்ச தூரம் வாங்கிக்கொண்டார். பிறகு நான் வாங்கினேன். கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த எக்ஸ்ரே உறை மயிலிறகில் மாட்டிக்கொள்ள, நான் ஒரு பக்கமும் காவடி ஒரு பக்கமுமாகச் சாய்ந்து ஏறினோம். எனக்கும் சேர்த்து அரோகரா போட்டார்கள். வீட்டில் ஒரு குடம் தூக்காதவன் நான்.

மேலே காவடி செலுத்தி, வேலை எடுத்து, விபூதி அப்பினார்கள். சொம்பு நிறையத் தண்ணீரோடு நான் காத்திருந்தேன். குடித்தார். இன்னொரு சொம்பும் குடித்தார். மண்டபத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இடுப்புல வலி உண்டா?" என்று கேட்டேன்.

"தேவலைங்க."

என் கை தானாகச் சட்டைப்பையில் பேனாவைத் தேடியது. அப்போதுதான் உறைத்தது. மைக்காரர் ஒரு தடவை கேட்டார், ஆச்சு என்றேன், நம்பினார். புளிசாதக்காரம்மா நம்பினார். லோகம்மாள் மட்டும் நம்பவில்லை, ஆனாலும் மறுபடி கேட்கவில்லை. நான் இந்த மனிதரிடம் எத்தனை தடவை கேட்டேன்? காலையில் ஒரு தடவை. அதுவும் அடுத்த கட்டிலைப் பார்த்துக்கொண்டே. சாப்பாட்டு விஷயத்தில் ஒரே சொல்லில் நிற்கிற இந்த ஊர்க்காரர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்து டாக்டர் எதிரில் படுத்துவிட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் ஆகிவிடுகிறார்கள்.

"நிஜமாவே இல்லையா?" என்றேன்.

"தேவலைங்க டாக்டரு. உங்க புண்ணியம்."

பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "தணிகாசலம், நான் முந்தாநாள்லேர்ந்து ஒழுங்கா சாப்பிடலை. கேட்டவங்ககிட்டயெல்லாம் ஆச்சு ஆச்சுன்னு பொய் சொன்னேன். உங்க வீட்டுலயும் சொன்னேன். இப்ப பசியில கண்ணு இருட்டுது. நான் சொல்லிட்டேன். நீங்க சொல்லுங்க. வலி இருக்கா?"

அவர் இடது விலாவில் கை வைத்தார்.

"கீதுங்க" என்றார்.

முனிரத்தினம் திரும்பிப் பார்த்தார். "இன்னா பாவா சொல்ற?"

"கீதுடா. போயி போயி வருது. இவுரு குட்த்த மாத்திரையப் போட்டா அடங்கிடும். முந்தாநாளோட மாத்திரை ஆயிப்போச்சு." என் பக்கம் திரும்பினார். "உங்க மருந்து நல்ல மருந்துங்க. அவ்ளோ பெரிய டாக்டருங்க நோட்டு எட்துகினு வந்து ஆசையா கேக்கும்போது நோவுதுன்னு எப்பிடிங்க சொல்றது? மனசு கஷ்டப்படுவீங்களேன்னு..."

"அறிவிருக்கா உங்களுக்கு!" என்று கத்தினேன். மண்டபத்தில் எல்லோரும் திரும்பினார்கள். கத்தினது அவரைப் பார்த்துத்தான். ஆனால் யாரைத் திட்டினேன் என்பது எனக்குத் தெரியும்.

முனிரத்தினம் எங்கேயோ போய் ஒரு இலை நிறையச் சர்க்கரைப் பொங்கல் வாங்கிவந்து என் முன்னால் வைத்தார். சாப்பிட்டேனா என்று அவர் கேட்கவே இல்லை.

அன்று மத்தியானமே மூன்று பேரும் மெட்ராஸுக்கு ரயில் ஏறினோம். வழி முழுக்க அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். கழிப்பறைக்குப் போய் வரும்போதெல்லாம், "போச்சா? எவ்வளவு போச்சு?" என்று வாசலிலேயே நின்று கேட்டேன். பெட்டியில் இருந்தவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. புது எக்ஸ்ரேயில் சிறுநீரகம் ஊதிப் போய் இருந்தது. கல் அதே இடத்தில், அசையாமல். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் பேச்சே இல்லை என்றார் சீஃப். ஊரிலிருந்து லோகம்மாள் வந்து சேர்ந்த அன்று ஆபரேஷன் நடந்தது. கல்லை எடுத்த பிறகு குழாய் வழியாகச் சிறுநீர் சொட்டத் தொடங்கினதும் சீஃப் முகமூடிக்குள்ளேயே, "பொழைச்சுக்கும்டா" என்றார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

என் ஆராய்ச்சி ஒரு வருஷம் தள்ளிப் போனது. பழைய தேவலைக்காரர்களின் வீடுகளுக்கெல்லாம் போய் மறுபடி கேட்டேன். ஆளுக்கு மூன்று தடவை. சிலருக்கு நிஜமாகவே தேவலைதான். லண்டன் மறுபடி கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் இப்போதும் எந்தக் காவடியைப் பார்த்தாலும் என் தோள் வலிக்கிறது.

ஆபரேஷனுக்கு மறுநாள் காலை தணிகாசலத்தின் கட்டிலுக்குப் போனேன். மொட்டைத் தலையில் முடி அரும்பியிருந்தது. புருவத்தில் ஒரு பழைய தழும்பு இருந்தது. அதை அன்றுதான் பார்த்தேன்.

"வலிக்குதா?" என்றேன். ஒரு தடவைதான் கேட்டேன்.

"ஐயோ, உசுரு போவுது சார்! நிக்காதீங்க, ஊசிய எட்துகினு வாங்க!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வலியில் துடிக்கிற நோயாளி முன்னால் சிரிக்கிறேன் என்று நர்ஸ் முறைத்தார். போய் ஊசியைப் போடச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். இந்தத் தடவை அந்தப் பழைய மருந்து, பெத்தடின்.

கட்டிலடியில் உட்கார்ந்திருந்த லோகம்மாள் தூக்குச் சட்டியை எடுத்து வைத்தார். "டாக்டரு, சாப்ட்டீங்களா?"

"இல்லைம்மா" என்றேன்.